இரண்டு பக்க மாதமடலும் என் பிழைகளும்

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டதாக ஒருமுறை எங்கள் பள்ளியின் மாதமடலில் போட்டுவிட்டேன். அவள் செய்தது அதுவல்ல. அரபி எழுத்துக்கூட்டப் பழகி, குர்ஆனை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை பார்த்து ஓதி முடித்திருந்தாள். பள்ளி இருக்கும் ஊர்ப்பக்கம் இதைத்தான் 'குர்ஆன் முடித்துவிட்டாள்' என்பார்கள். வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டு துஆ ஓதி, அக்கம்பக்கத்துக்கு இனிப்புக் கொடுப்பார்கள். மனனம் செய்து முடிப்பது வேறு. அதற்குப் பெயர் ஹிஃப்ழ். சூரா என்னும் 114 அத்தியாயங்கள், ஜுஸ்உ என்னும் 30 பாகங்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். பெரிய பையன்களுக்கே ஆண்டுக்கணக்கில் ஆகிற வேலை. வகுப்பாசிரியை 'குர்ஆன் முடித்தாள்' என்று எழுதிக் கொடுத்த சீட்டை நான் அழகுபடுத்தி, 'திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து சாதனை' என்று தலைப்பிட்டேன். தமிழாசிரியைகளுக்கு இருக்கும் வியாதி இது. ஒரு வினைச்சொல் எளிமையாக நின்றால் கை சும்மா இருக்காது.

மடல் போன அன்று மாலையே அந்தப் பிள்ளையின் உம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு நின்றார். "டீச்சர், மதியத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் மாஷா அல்லாஹ் சொல்கிறார்கள். இவளுடைய பெரியம்மா துபாயிலிருந்து தங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறார். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மடலில் திருத்தம் போடுவதாகச் சொன்னேன். அதுவரை உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற பிள்ளை தலையை நீட்டி, "அப்படியென்றால் நான் முடித்தது கணக்கில் வராதா மிஸ்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு வந்த ஆண்டுகளில் அந்த மடலில் நான் மாற்றிய பெரும்பாலானவை அதிலிருந்து கிளைத்தவைதான்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில், இஸ்லாமிய அறக்கட்டளை நடத்தும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அந்த ஊரைச் சேர்ந்தவள் அல்ல. அந்த மதத்தைச் சேர்ந்தவளும் அல்ல. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை என்ற கணக்குக்கு என் வீட்டார் பழகவே ஓராண்டு ஆனது. மாதமடலை யார் பார்த்துக்கொள்வது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர் என்பது காரணம். ஹிஃப்ழ் என்று எழுத எந்த எழுத்தை எங்கே போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

மடல் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஏ4 தாளில் இரண்டு பக்கம். முதலில் நகலெடுத்துப் பிள்ளைகளின் டைரியில் வைத்து அனுப்பினோம். இப்போது பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகிறது. நடந்த நிகழ்ச்சிகள், மாணவர் சாதனைகள், அடுத்த மாத நாள்கள் என்று மூன்று பகுதி. மூன்றாவது எளிது என்று நினைத்தேன். முதல் அடி அங்கேதான் விழுந்தது.

எங்கள் பள்ளியில் இரண்டு நாள்காட்டிகள் ஒரே சுவரில் தொங்கும். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு எல்லாம் ஒன்றில். ஆசூரா நோன்பு, மீலாது, மிஃராஜ், பராஅத், ரமலான், ஹஜ்ஜுப் பெருநாள் எல்லாம் மற்றொன்றில். பிறையைக் கொண்டு நடக்கும் ஆண்டு, சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவுக்குக் குறைவு. அதனால் இரண்டாவது நாள்காட்டி முதலாவதன் மீது ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கி நழுவிக்கொண்டே இருக்கும். பள்ளித் திட்டத்தை 'போன ஆண்டு மாதிரியே' என்று எந்த மாதத்துக்கும் எழுத முடியாது. 2030-ஆம் ஆண்டில் ரமலான் இரண்டு முறை தொடங்கும் என்று எங்கள் கணக்கு ஆசிரியர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் மற்றொன்று. காகிதத்தில் போட்டுக் காட்டினார். அரையாண்டு விடுமுறையை யார் திட்டமிடப்போகிறார்களோ அவர்கள் பாடு.

நான் செய்த தவறு, மடலின் தலைப்பில் ஹிஜ்ரி தேதியைத் துல்லியமாகப் போட்டது. மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. பிறை நேற்றே என்கிறவர்கள், இன்றுதான் என்கிறவர்கள், கணக்கிட்ட காலண்டர்படி முந்தாநாளே பிறந்துவிட்டது என்கிறவர்கள் என மூன்று தரப்பும் அந்த ஊரில் உண்டு. மூன்று தரப்புப் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பெருநாள், பக்கத்து வீட்டில் நோன்பு என்ற ஆண்டுகளையும் பார்த்திருக்கிறேன். இப்போது தலைப்பில் ஆங்கில மாதம் மட்டும். கீழே சிறிய எழுத்தில் 'ரபீவுல் அவ்வல் – ரபீவுல் ஆகிர்' என்று இரண்டு பிறை மாதங்களின் பெயர்கள். எந்த நாளில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்வதில்லை. பெருநாள் விடுமுறைக்குப் பக்கத்தில் 'பிறையைப் பொறுத்தது' என்ற இரண்டு சொற்கள். இஸ்லாமியப் பள்ளிகளில் மடல் தயாரிக்கப்போகிற யாருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான்: பிறை விஷயத்தில் தீர்ப்பெழுதும் வேலை உங்களுக்கு இல்லை.

மூன்றாம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் பழைய மடல்களை எடுத்து வைத்துக்கொண்டு சாதனைப் பகுதியில் வந்த பெயர்களைப் பட்டியலிட்டேன். ஓர் ஆண்டின் பத்து மடல்களிலும் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்தவர்கள் பதினேழு பேர். முதல் மதிப்பெண், மாவட்டப் பேச்சுப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டி, மறுபடியும் முதல் மதிப்பெண். பள்ளியில் எழுநூறு பேருக்கு மேல் படிக்கிறார்கள். மற்றவர்கள் அந்த ஆண்டு முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு என் மடலில் சாட்சியே இல்லை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இலேயே தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது. அரசு விட்டதைப் பள்ளிகள் விடவில்லை. முடிவு வந்த மறுநாள் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் ஃப்ளெக்ஸ் பலகைகள்தாம் வரவேற்கும். எங்கள் பள்ளியும் வைக்கும். நான் அதை எதிர்த்துப் பேசி ஜெயித்தவள் அல்ல. மடல் மட்டும் என் கையில் இருந்ததால் அதில் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். ஒருவர் பெயர் ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது. தலைமையாசிரியை முகம் சுளித்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தண்டிப்பதா என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால் மதிப்பெண் பட்டியலை மடலிலிருந்து பிரித்து அறிவிப்புப் பலகைக்கு மாற்றினோம். அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் வரட்டும். காலியான இடத்தில் எதைப் போடுவது என்ற கேள்வி வந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது.

ஹிஃப்ழ் பிரிவை நான் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. நான் பள்ளிக்குள் நுழையும்போது அவர்கள் காலை வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பி, மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு நாள் எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். ஆறேகால் மணி. சுப்ஹு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்து பையன்கள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். பாயில் இரண்டு வரிசை, ஒவ்வொருவர் முன்னாலும் மரப் பலகையில் விரித்த குர்ஆன். எல்லாரும் ஒரே நேரத்தில், வெவ்வேறு பக்கத்தை, உரக்க ஓதுகிறார்கள். முதலில் காதில் விழுந்தது வெறும் இரைச்சல். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த பிறகு ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே ஒரு பையன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் எண்ணினேன், இருபத்திரண்டு வரை எண்ணியபின் விட்டுவிட்டேன்.

ஹஜ்ரத் என்று அழைக்கப்படும் ஆசிரியரின் முன்னால் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்து பாடம் ஒப்பித்தார்கள். புதுப் பாடத்துக்கு சபக் என்று பெயர். சிலருக்கு அரைப் பக்கம், சிலருக்கு ஐந்து வரி. ஹஜ்ரத் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் எழுத்து தொண்டையின் நடுவிலிருந்து வராமல் மேலிருந்து வந்துவிட்டால், விரலால் பலகையில் ஒரு தட்டு. பையன் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப்போய் மறுபடி தொடங்குவான். ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துச் சொல்லவைக்க முப்பது ஆண்டுகளாகப் போராடும் இனத்தைச் சேர்ந்தவள் நான். அந்தத் தட்டைக் கேட்டதும் ஒருவகைப் பொறாமை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

யார் இந்த மாதம் முடிக்கப்போகிறார்கள், மடலில் போட வேண்டும் என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் கடைசி வரிசையில் இருந்த, மீசை அரும்பிய ஒருவனைக் காட்டினார். "அவனை எழுதுங்கள்." அவன் எப்போது முடித்தான் என்றேன். "போன வருடத்துக்கு முந்தின வருடம்." அப்போதே மடலில் போட்டாயிற்றே என்றேன். அவர் சிரித்தார். "முடித்ததைப் போட்டீர்கள் டீச்சரம்மா. வைத்திருக்கிறான், அதைப் போடவில்லையே."

பிறகு விளக்கினார். குர்ஆனை மனனம் செய்தவனை, கயிற்றில் கட்டிய ஒட்டகத்தின் சொந்தக்காரனுக்கு நபிகள் ஒப்பிட்டிருக்கிறார்கள். கவனித்துக்கொண்டே இருந்தால் நிற்கும், விட்டால் போய்விடும். முடித்த பிறகும் பழைய பாடத்தை நாள்தோறும் சுழற்சியாக ஓதிவர வேண்டும். இதை தவ்ர் என்கிறார்கள். முடிக்கும்வரை வீடு முழுவதும் கூடவே ஓடும். முடித்த அன்று பூமாலை, சால்வை, பிரியாணி. அடுத்த மாதம் முதல் பத்தாம் வகுப்பு, டியூஷன், கிரிக்கெட். ஒட்டகம் கயிற்றை அவிழ்க்கத் தொடங்குவது அப்போதுதான். அந்தப் பையன் அன்றாடம் ஒரு ஜுஸ்உ என்று கணக்கு வைத்து இரண்டு ஆண்டுகளாக விடாமல் ஓதிவருகிறான். ப்ளஸ் ஒன் படிக்கிறான், பாதி நாள் தூங்கி வழிகிறான் என்று என்னிடமே அவனைப் பற்றிப் புகார் வந்திருந்தது.

அந்த மாத மடலில் சாதனைப் பகுதியின் முதல் செய்தியாக அவன் வந்தான். நான்கு வரிதான். அவன் வாப்பா சவூதியில் வேலை செய்கிறவர். அந்த வரிகளை அச்சிட்டு அறையில் ஒட்டிவைத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். முடித்த அன்று கொடுத்த சால்வையைவிட இது அவருக்குப் பிடித்திருந்ததாம். அன்றிலிருந்து ஹிஃப்ழ் பிரிவிலிருந்து மாதம் இரண்டு செய்தி கேட்கிறேன்: புதிதாக எட்டியது ஒன்று, பழையதைக் காத்தது ஒன்று. இந்தக் கணக்கை மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுபோனோம். போன பருவத்தில் கணக்கில் தேறியவன் இந்தப் பருவத்திலும் தேறியிருக்கிறானா, ஜூன் மாதம் தொடங்கிய நூலகப் பழக்கம் அக்டோபரிலும் இருக்கிறதா என்று வகுப்பாசிரியர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தைவிடத் தொடர்ச்சியைச் செய்தியாக்குவது கடினம், அதில் படம் எடுக்க ஒன்றுமிருக்காது.

படம் என்றதும் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளின் படத்தைப் போட வேண்டாம் என்று பல வீடுகளில் சொல்வார்கள். பையன்களின் படமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. போடுங்கள், ஏன் என் மகள் படம் மட்டும் இல்லை என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. மூவருக்கும் ஒரே தீர்வு கிடையாது. சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். இந்த இழுபறியால் ஒரு நல்லதும் நடந்தது. படத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் வேலையையே படமெடுத்துப் போட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதிய அரபி எழுத்தணி, ஏழாம் வகுப்பில் வரைந்த மன்னார் வளைகுடாவின் வரைபடம். ஒரு மாதம், ஒரு மாணவி தன் நன்னியின் பெட்டியிலிருந்து எடுத்துவந்த அரபுத்தமிழ் ஏடு. அரபி எழுத்தில் தமிழ். நன்னி அதைச் சரளமாக வாசிப்பாராம். பேத்திக்கு அரபி எழுத்தும் தெரியும், தமிழும் தெரியும், ஆனாலும் திணறினாள். ஒரு பக்கத்தை நன்னியிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டு வந்தாள். மாலையோடு மேடையில் நிற்கும் படத்தைப் பார்ப்பவர்கள் அரை நொடி பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஊரில் நாலு வீட்டுப் பெட்டிகள் திறந்தன.

தண்ணீர் விஷயம் இன்னொன்று. எங்கள் பக்கம் கோடை வந்தால் தண்ணீர் லாரிதான். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன்னால் சில நூறு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முகம் கை கால் கழுவி ஒளு செய்வார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே செய்தால் தொட்டி காலியாகிவிடும். அறிவிப்புப் பலகை வைத்தோம், திட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் வகுப்பில் நாலு பையன்கள், பாடத்துக்கான செயல்திட்டமாக, ஒவ்வொரு குழாய்க்கடியிலும் வாளி வைத்தார்கள். யாருடைய வாளி எவ்வளவு நிரம்புகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள். பாதி வாளிக்கு மேல் போனவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். பிறகு ஹஜ்ரத்தை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். நபிகள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் இருக்கிறது. முத்து என்பது இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு, ஒரு லிட்டருக்கும் குறைவு. ஹஜ்ரத் ஒரு சின்னச் செம்பில் தண்ணீர் வாங்கி, முகம், முழங்கை வரை கை, தலை, கணுக்கால் வரை கால் என்று எதையும் விடாமல் செய்து முடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு சொட்டு விழுந்தது. பையன்கள் கைதட்டிவிட்டார்கள், ஒளு செய்யும் இடத்தில்.

அடுத்த வாரம் முதல் தொட்டி மாலை வரை தாங்கியது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அந்த வாளிகளை அனுப்பினோம். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பழைய மடலாக இருந்தால் பரிசு இல்லாததால் செய்தியும் இருந்திருக்காது.

இனி, சொல்லவே கூச்சமாக இருக்கும் பிழை. ரமலானில் ஊர்ச் செல்வந்தர்கள் ஜகாத் என்னும் கட்டாய தர்ம நிதியிலிருந்து சில பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவார்கள். ஓர் ஆண்டு, நன்றி தெரிவிக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில், உதவி பெற்ற பிள்ளைகளின் வகுப்பையும் பெயரின் முதலெழுத்தையும் மடலில் போட்டேன். முழுப் பெயர் இல்லையே, போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் 'ச' என்று தொடங்கும் பெயர் எத்தனை இருக்கும்? ஒரு பையன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தான்; என்னைப் பார்த்துச் சலாம் சொல்வதை நிறுத்திவிட்டான். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்று குர்ஆனிலேயே இருப்பதை ஹஜ்ரத் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லலாம். அந்தப் பையனிடம் சொல்ல முடியாது. அவன் பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்வரை என் வகுப்பில் வலது ஓரத்தில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தான். உதவி, இலவசம், நிதி என்ற சொற்கள் பிள்ளைகளின் வகுப்போடோ எழுத்தோடோ எண்ணிக்கையோடோகூட ஒரே பக்கத்தில் வரக்கூடாது. இதை நான் மடல் தயாரிக்கும் கணினியின் திரைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

பெயர் பற்றிச் சின்னதாக ஒன்று. முஹம்மது, முகம்மது, முகமது, மொஹமது. ஒரே வகுப்பில் நாலு பேர், நாலு எழுத்துக்கூட்டு. 'எல்லாம் ஒன்றுதானே' என்று நான் சீராக்கினேன். பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து மாறினால் வளைகுடா நாட்டு விசாவே நின்றுபோகும் அனுபவம் உள்ள வீடுகள் அவை. வருகைப் பதிவேட்டில் உள்ளபடி, முதலெழுத்தோடு, ஒரு புள்ளிகூட மாறாமல் போட வேண்டும். அச்சுக்கு முன் வகுப்புத் தலைவனிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் பிழை தெரிந்துவிடும்.

நோன்பும் பொதுத்தேர்வும் சேர்ந்து வந்த ஆண்டுகளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2023-இலும் 2024-இலும் பத்தாம் வகுப்புத் தேர்வின் எல்லாத் தாள்களும் ரமலானுக்குள் விழுந்தன. வழக்கமாகத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் மாலையில் சிறப்பு வகுப்பு வைப்போம். நோன்பு நாளில் மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தால் பாடம் எங்கே போகிறது என்று தெரியும்: எங்கேயும் போகவில்லை. இரவு தராவீஹ் தொழுகை முடியப் பத்து மணியாகும். மறுபடி விடியுமுன் ஸஹர் உணவுக்கு எழ வேண்டும். எங்கள் கணக்கு ஆசிரியர் யோசனைப்படி வகுப்பைக் காலை ஆறரைக்கு மாற்றினோம். ஸஹர் சாப்பிட்ட வயிறு, சுப்ஹு தொழுத கையோடு வருகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மாலையில் மூன்று மணி நேரம் நடத்துவதை நடத்திவிடலாம். மதியம் வீட்டில் கட்டாயத் தூக்கம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டோம். உடல்நிலை சரியில்லாத பிள்ளை நோன்பு வைப்பதா, பிறகு வேறு நாளில் வைத்துக் களா செய்வதா என்பதை வீட்டாரும் ஹஜ்ரத்தும் பேசிக்கொள்வார்கள். ஆசிரியர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாய் திறப்பதில்லை.

2025-இல் முதல் தாள் மார்ச் 28, வெள்ளிக்கிழமை. என் பாடம், தமிழ். ரமலானின் கடைசி ஜும்ஆவும், அதாவது வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகையும், அன்றுதான். தேர்வு முடியும் நேரம் ஒன்றே கால். தேர்வு மையத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் அதற்குள் தொழுகைக்கு முந்தைய உரையான குத்பா தொடங்கிவிடும். முன்கூட்டியே பள்ளிவாசலை நடத்தும் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக அன்று மட்டும் ஜும்ஆவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு, நான்தான் வரைவு எழுதினேன். அவர்கள் இருபத்தைந்து நிமிடம் தள்ளிவைத்தார்கள். மணி அடித்ததும் பையன்கள் அட்டையும் பேனாவுமாக ஓடியது கண்ணில் நிற்கிறது. ஓட்டத்தினிடையே ஒருவன் திரும்பி, "மிஸ், அந்த அணி இலக்கணம் நீங்கள் சொன்னதுதான் வந்தது!" என்று கத்திவிட்டு ஓடினான். பெண்கள் வாசலில் நின்று ஒரு மதிப்பெண் வினாக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாத மடலில் ஜமாஅத்துக்கு நன்றி இருந்தது. தேர்வைப் பற்றி அந்த ஓட்டம் மட்டும் இருந்தது.

இப்போது செய்தி சேகரிக்க ஆசிரியர்களை மட்டும் நம்புவதில்லை. நூலக வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துளையிட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளே எழுதிப் போடலாம், தன்னைப் பற்றியோ மற்றவரைப் பற்றியோ. முதல் மாதம் வந்தவை பெரும்பாலும் புகார்கள். மூன்றாம் மாதம் முதல் செய்தி வரத் தொடங்கியது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லப் பழகிய ஆறாம் வகுப்புப் பையன் குரல் உடைந்து பாதியில் நின்றதும், பக்கத்தில் இருந்தவன் தொடர்ந்து சொல்லி முடித்ததும் அப்படித்தான் தெரியவந்தது. யாசீன் சூராவை முழுவதும் பார்க்காமல் ஓதும் ஒருத்தி வகுப்பில் இருப்பது, அவள் தோழி எழுதிய சீட்டைப் பார்க்கும்வரை வகுப்பாசிரியைக்கே தெரியாது. டின்னை வாரம் ஒருமுறை திறக்க வேண்டும். மாதக் கடைசியில் திறந்தால் செய்தி ஆறிப்போயிருக்கும். எதையும் வாசித்துச் சரிபார்க்காமல் அச்சில் போடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, என் வரலாறு அப்படி.

மூன்றாம் வகுப்புப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. 'முதன்முறை ஓதி முடித்தவர்கள்' என்று தனியாக ஒரு பகுதி மடலில் இருப்பது அவளால்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியும் விடுகிறாள்.

இந்த மாதச் சீட்டுகளில் ஒன்று பென்சிலில் எழுதியது, கிறுக்கல் எழுத்து. 'நான் இந்த மாதம் ஒன்றும் ஜெயிக்கவில்லை. தம்பிக்கு அரபி எழுத்து அலிஃப், பே, தே சொல்லிக் கொடுத்தேன். அவன் பாதி மறந்துவிட்டான்.' கீழே நாலாம் வகுப்பு என்று இருக்கிறது, பெயர் இல்லை. நாலாம் வகுப்புக்குப் போய், யார் எழுதியது என்று கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. ஏழு பேருக்கும் தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள். ஏழு பேரும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் பாதி மறந்தாயிற்று. நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் வருகைப் பதிவேட்டை வாங்கி ஏழு பெயர்களையும் சரிபார்க்க வேண்டும். அதில் மூன்று பேர் முஹம்மது.